களிமண்ணில் எங்கள் மாவட்டம்

ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர்

இவ்வாண்டு நம் பள்ளியில் நடைபெற்ற கண்காட்சிக்கு ஒவ்வொரு வகுப்பும் ஏதேனும் ஒன்று செய்து வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் அறிவித்தார்கள். பத்தாம் வகுப்பு அக்காமார் பாராளுமன்றக் கட்டடத்தைத் தெர்மோகோலில் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். எட்டாம் வகுப்புத் தங்கைகள் எரிமலை. (அது ஆண்டுதோறும் தவறாமல் வரும் எரிமலை!) நாங்கள் என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர், “நீங்கள் இருக்கும் மாவட்டத்தையே செய்யுங்களேன்” என்றார்கள். எளிதான வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டோம்.

பழைய கரும்பலகை ஒன்றைத் தரையில் கிடத்தி, கொளவாய் ஏரிக் களிமண்ணை அதன்மேல் அப்பினோம். செங்கழுநீர்ப் பூக்கள் மலிந்திருந்ததால் செங்கழுநீர்ப்பட்டு என்றாகி, அது மருவிச் செங்கல்பட்டு ஆயிற்று என்பர். களிமண்ணை எடுத்தபோது ஒரு பூவையும் காணவில்லை. பிளாஸ்டிக் பைகள்தாம் கிடைத்தன.

எங்கள் மாவட்டத்தின் வயதைக் கேட்டால் சிரிப்பு வரும். 2019 நவம்பர் 29 அன்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டின் 37ஆவது மாவட்டமாயிற்று. எங்களைவிட இளையது! ஆனால் எங்கள் பாட்டிமார் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டமோ காஞ்சிபுரத்தையும் திருவள்ளூரையும் தன்னுள் அடக்கிய பெரிய மாவட்டம். அது 1997இல் இரண்டாகப் பிரிந்தது.

பாலாற்றுக்கு நீல வண்ணம் தீட்டினோம். மாமண்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் தோழி பார்த்துவிட்டு, “ஏன்டி, பாலாத்துல எங்கடி இவ்வளோ தண்ணி?” என்று கேலி செய்தாள். உண்மைதான். நந்தி மலையில் பிறந்து வயலூரருகே கடலில் கலக்கும் அந்த ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகத்தான் கிடக்கிறது. நீர் மணலுக்கடியில் இருக்கிறது. நீலத்தைச் சுரண்டிவிட்டு மணலை ஒட்டினோம். அடியிலிருக்கும் நீரைக் காட்ட மட்டும் வழி தோன்றவில்லை. கிழக்கே கடற்கரையையொட்டிப் பக்கிங்காம் கால்வாய்க்கு ஒரு நீல நூலும், மதுராந்தகம் ஏரிக்கு உடைந்த கண்ணாடித் துண்டும் வைத்தோம்.

பிறகு கொடிகள். குண்டூசியில் வண்ணத்தாளை ஒட்டி, ஊர்ப் பெயர் எழுதிக் குத்தினோம். முதற்கொடி பல்லாவரத்துக்கு. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் பழைய கற்கால மனிதன் செய்த கற்கருவியை அங்கேதான் கண்டெடுத்தார். வல்லத்துக் குடைவரைக்கு ஒன்று. மாமல்லபுரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் இம்மலர் முழுவதும் எங்களுக்கே வேண்டும், ஆகையால் விடுகிறோம். கற்சிற்பியின் மகளான எங்கள் தோழி, தன் தந்தை மாக்கல்லில் செதுக்கிக் கொடுத்த கடற்கரைக் கோயிலைக் கொண்டுவந்தாள் என்பதை மட்டும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு ஒரு கொடி. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு டார்ச் பல்பு. கோவளத்தில் கார்மேல் மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் பக்கம் பக்கமாக இரண்டு. வேடந்தாங்கலுக்குப் பஞ்சினால் பறவைகள். அங்கே பறவைகளின் எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. அதற்காகவே ஊரார் தீபாவளிக்குப் பட்டாசுகூட வெடிப்பதில்லையாம்.

சிஸ்டர் ஒருநாள் பழங்கதை ஒன்று சொன்னார்கள். 1763இல் ஆற்காட்டு நவாப் இந்த நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தனக்குக் கிடைத்தது என்னவென்று அறிய, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2000 ஊர்களைக் கம்பெனி அளக்கச் செய்தது. வீடு, நிலம், ஏரி என்று ஊர் ஊராகக் கணக்கு எழுதப்பட்டது. “நீங்களும் ஓர் ஊரையும் விட்டுவிடாதீர்கள்” என்று சிரித்தார்கள் சிஸ்டர்.

முப்பத்தொரு கொடிகள் குத்தியாயிற்று. அப்போதுதான் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி, அதிகம் பேசாதவள், பலகையருகே வந்து நெடுநேரம் நின்றாள். “எங்க எடம் இதுல எங்க வரும்?” என்றாள். ஊர்ப் பெயர் கேட்டோம். பெயரில்லை. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓர் ஏரியின் பின்புறம் பதினாறு குடிசைகள். அவள் இருளர் வீட்டுப் பெண். நாங்கள் பார்த்துவந்த எந்தப் படத்திலும் அந்த இடத்தில் ஏரிக்கு அப்பால் ஒன்றும் குறிக்கப்படவில்லை. (இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டோம். “பேர மட்டும் போடாதீங்கடி” என்றாள்.)

“மாசி மகத்துக்கு மல்லை கடற்கரைக்கு வாங்க, எங்க சனத்தையே பாக்கலாம்” என்று அவளே அழைத்தாள். மதர் அவர்களிடம் அனுமதி பெற்று, விடியுமுன் நான்கு மணிக்கு வேனில் புறப்பட்டோம்.

அந்தக் காட்சியை என்னென்பது! கடற்கரைக் கோயிலுக்கு அருகே மணல் முழுதும் சேலைகளைக் கட்டிய கூடாரங்கள். எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள், அடுப்புப் புகை, குழந்தைகளின் அழுகை. மேற்கே முழுநிலா, கிழக்கே வெளுப்பு. ஈர மணலைப் படிபடியாகக் கட்டிப் பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கடலிலிருந்து அழைக்கிறார்கள். அங்கேயே பெண் பார்த்து, அங்கேயே தாலி கட்டுகிறார்கள். எங்கள் சிஸ்டர் ஒரு மணப்பெண்ணின் தலையில் கைவைத்து ஆசி கூறினார்கள். சுற்றுலாவுக்கு எத்தனையோ முறை அந்த மணலில் ஓடி விளையாடியிருக்கிறோம். இப்படி ஒரு கூட்டம் ஆண்டுதோறும் அங்கே கூடுவதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

தோழியின் பெரியப்பா வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர். 1978இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. “நம்ம மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவுக்கே போய்ப் பாம்பு புடிச்சாங்க” என்றார் பெரியப்பா. 2017இல் புளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க அவர்களை அழைத்திருந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தோழியின் தந்தை அதுவரை பேசாதிருந்தார். சிஸ்டர், “மகள் நன்றாகப் படிக்கிறாள்” என்று சொன்னதும்தான் வாய் திறந்தார்.

“படிக்குது சிஸ்டரம்மா. சாதிச் சான்றுதான் கெடைக்கல. நாலு வருசமா நடக்கிறேன். ஒங்கப்பன் சான்று இருக்கான்னு கேக்குறாங்க. பள்ளிக்கூடமே போவாதவருக்கு ஏது சான்று? பாம்பு புடிக்கத் தெரியுமான்னு ஒருத்தர் கேட்டாரு. புடிச்சாந்தா குடுப்பீங்களான்னேன். சிரிச்சாரு.”

அவர் மரம் வெட்டும் கூலித் தொழிலாளி. பாம்பைத் தொட்டதே இல்லையாம். பழங்குடியினர் சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. நாளைக் கல்லூரியில் அந்த இடமும் இல்லை. எங்களில் பலருக்குச் சாதிச் சான்றிதழ் என்பது அப்பா பீரோவில் வைத்திருக்கும் ஒரு தாள். அதற்காக ஒருவர் நான்கு ஆண்டு நடப்பார் என்று நாங்கள் நினைத்ததில்லை. திரும்பும் வழியில் வேனில் யாரும் பாடவில்லை.

கண்காட்சிக்கு முதல்நாள் தோழி தானே ஒரு கொடி செய்தாள். ஊர்ப் பெயருக்கு என்ன செய்வது? “ஊர்க்காரங்க ஏரிப்பொறம்பாங்க. நாங்க நம்ம எடம்னுவோம்” என்றாள். ‘நம்ம எடம்’ என்றே எழுதி ஏரிக்கு அப்பால் குத்தினாள். ‘நம் இடம்’ என்று திருத்தலாகாதா என்று எங்கள் தமிழாசிரியை கேட்டார்கள். பிறகு அவர்களே, “இருக்கட்டும்” என்றார்கள்.

பெற்றோர் பலர் அந்தக் கொடியைக் காட்டி, இது எந்த ஊர் என்று வினவினார்கள். விளக்கம் சொல்ல எங்கள் வகுப்புத் தலைவிதான் நிறுத்தப்பட்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் தோழியே முன்வந்து, “அது எங்க ஊருங்க” என்றாள்.

முதற்பரிசு எரிமலைக்குப் போயிற்று. அது நன்றாகவே புகைந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நிற்க. சிஸ்டர் அவர்கள் தோழியின் தந்தையுடன் இருமுறை அலுவலகம் சென்றுவந்தார்கள். பள்ளியின் கடிதமும், உறவினர் ஒருவரின் பழைய சான்றும் இணைத்துப் புதிய மனு கொடுக்கப்பட்டிருக்கிறது. இக்கட்டுரையை மலர்க்குழுவிடம் ஒப்படைக்கும் இன்று வெள்ளிக்கிழமை. வருகிற திங்களன்று மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.