ரூட் தல கெத்துதான்... ஜன்னல் மட்டும் திறக்கலையே!

'ரூட்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஃபுட்போர்டு, பஸ் டே, ரூட் தல... கரெக்டா? நான் சொல்ல வந்தது லினக்ஸ் ரூட். அதுவும் ஒரு தலதான். எந்த ஃபைலையும் திறக்கலாம், அழிக்கலாம், யார் பேர்ல வேணாலும் மாத்தலாம். கேட்க ஆளே கிடையாது. ஆனா அந்த தல ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரைத் திறக்கப் போனா, 'கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே'ன்னு சிஸ்டம் வாசல்லயே நிறுத்திடும். இது என்ன கூத்து?

உங்க ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. டோக்கன் இருந்தாதான் சாப்பாடு. ஒருநாள் கலெக்டரே வந்து தட்டை நீட்டறார். மெஸ் அண்ணன் நிமிர்ந்துகூட பார்க்காம, "டோக்கன் எங்க?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? அதேதான் இங்கேயும். பல லினக்ஸ் சிஸ்டங்கள்ல விண்டோக்களை ஸ்க்ரீனுக்குக் கொண்டு வர்றது 'எக்ஸ்'. 1984-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில பிறந்த பழைய ஆளு. நீங்க லாகின் பண்ணினதும் ஒரு ரகசிய டோக்கன் தயாராகும். பல சிஸ்டங்கள்ல அது உங்க ஹோம் ஃபோல்டர்ல 'டாட் எக்ஸ்அத்தாரிட்டி'ங்கற ஃபைல்ல இருக்கும். அதைக் காட்டற புரோகிராமுக்குத்தான் ஜன்னல் திறக்கும்.

'எஸ்யூ மைனஸ்' அடிச்சு நீங்க ரூட்டா மாறினா, எந்த ஸ்க்ரீன், டோக்கன் எங்கேங்கற ரெண்டு தகவலும் கூட வராது. எந்த ஸ்க்ரீன்னே தெரியலைன்னா, 'கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே'. ஸ்க்ரீன் தெரிஞ்சு டோக்கன் இல்லைன்னா, கூடவே 'நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைடு' இல்லைன்னா 'ஆதரைசேஷன் ரிக்வயர்டு'ன்னு வரும். எரரை முழுசா படிச்சாலே பாதி வைத்தியம் முடிஞ்சுது பாஸ்!

"இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"ன்னு கேட்கறீங்களா? கச்சிராயப்பாளையம் தாண்டி எங்க கல்வராயன் மலைக்கு வாங்க. எங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு லேப்டாப் இருக்கு. 2011-ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல ப்ளஸ் டூ படிக்கறப்போ வந்தது. ஸ்காலர்ஷிப், சாதிச் சான்றிதழ், வேலை விண்ணப்பம்னு ஊர்ல பாதிப் பேருக்கு அக்காதான் ஃபார்ம் நிரப்பித் தர்றாங்க. அவங்க இல்லைன்னா ஒவ்வொருத்தரும் பஸ் புடிச்சு கள்ளக்குறிச்சிக்கு இறங்கணும். ஒருநாள் கூலி போச்சு!

விண்டோஸ் தவழ ஆரம்பிச்சதும், அக்காவோட தம்பி லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். நல்லாதான் ஓடுச்சு. ஒருநாள் ஏதோ செட்டிங்ஸ் ஃபைலை மாத்தணும்னு ரூட்டா எடிட்டரைத் திறக்கப் பார்த்திருக்கான். திறக்கலை. காலேஜ் க்ரூப்ல வந்த கமாண்டையெல்லாம் வரிசையா அடிச்சிருக்கான். அதுல ஒண்ணு, 'சூடோ மைனஸ் ஈ' போட்டு முழு டெஸ்க்டாப்பையே ரூட்டா கிளப்பற கமாண்டு. மறுநாள் காலையில பாஸ்வேர்டு அடிச்சா ஸ்க்ரீன் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிட்டு, திரும்பவும் பாஸ்வேர்டு கேட்குது. எத்தனை தடவை அடிச்சாலும் அதே கதை.

கள்ளக்குறிச்சியில ஒரு கடையில காட்டினா, "ஃபார்மட் போட்டாதான் தம்பி"ன்னுட்டாங்க. உள்ள ஊர்க்காரங்களோட ஸ்கேன் பண்ணின சர்ட்டிஃபிகேட் எல்லாம் இருக்கு. ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி தேதி நாலு நாள்ல!

அந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்கினா, படமே இல்லாத கறுப்பு ஸ்க்ரீன் வரும். அங்கே அதே பாஸ்வேர்டு உள்ளே விட்டுது. ஹோம் ஃபோல்டர்ல ஃபைல்களோட ஓனர் யாருன்னு பார்த்தா, டாட் எக்ஸ்அத்தாரிட்டி பக்கத்துல 'ரூட்'! தம்பி அடிச்ச கமாண்டு, ரூட் பேர்ல அக்காவோட ஃபோல்டருக்குள்ளேயே டோக்கன் எழுதி வெச்சிடுச்சு. அக்காவோட டோக்கனை அக்காவாலயே தொட முடியலை. சேஞ்ச் ஓனர் கமாண்டை ஒரு வரி அடிச்சு, ஃபைலைத் திரும்ப அக்கா பேருக்கு மாத்தினேன். லாகின் ஆயிடுச்சு. அக்கா முதல்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஃபைலெல்லாம் இருக்கா பாரு..." இருந்துச்சு!

இந்த டிஸ்ப்ளே எரருக்கு இன்னொரு 'மருந்தும்' க்ரூப்ல சுத்தும்: 'எக்ஸ்ஹோஸ்ட் ப்ளஸ்'. தயவுசெஞ்சு வேணாம். டோக்கன் சிஸ்டத்தையே தூக்கிட்டு மெஸ் கதவை மல்லாக்கத் திறந்து விடறது அது. எக்ஸ்ல ஒரு விண்டோவுல நீங்க அடிக்கற பாஸ்வேர்டை இன்னொரு புரோகிராம் ஒட்டுக் கேட்க முடியும். இந்த மாதிரி சிக்கல்களைத் தவிர்க்கற டிசைனோட 2008-ல ஆரம்பிச்சதுதான் வேலண்ட். 2016-ல ஃபெடோரா 25, 2017-ல உபுன்டு 17.10-ன்னு அது முன்னாடி வந்தப்போ, ரூட்டா ஓடற சினாப்டிக், ஜிபார்ட்டட் எல்லாம் திறக்காம மக்கள் தலையைப் பிச்சுக்கிட்டாங்க.

சரி, சிஸ்டம் ஃபைலை எப்படித்தான் மாத்தறது? டெர்மினல்ல 'சூடோஎடிட்' இருக்கு. ஃபைலோட நகலை உங்க எடிட்டர்ல, உங்க பேர்லயே திறக்கும். நீங்க சேவ் பண்ணி மூடினதும், அதை உரிய இடத்துல வைக்க மட்டும் ரூட் வரும். கேடீஇ-யோட கேட் எடிட்டர், சேவ் பண்ணும்போது மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். க்னோம் ஃபைல் மேனேஜர்ல முகவரிக்கு முன்னாடி 'அட்மின்'னு போட்டுத் திறக்கலாம். எல்லாத்துக்கும் சூத்திரம் ஒண்ணுதான்... முழு ஜன்னலுக்கும் அதிகாரம் தராதீங்க, அந்த ஒரு வேலைக்கு மட்டும் தாங்க.

ஓவரா பயமுறுத்தறேனா? ரூட் அதிகாரம் வாங்கித் தர்ற 'பிகேஎக்ஸெக்' ரொம்பச் சின்ன புரோகிராம். அதுலயே 2009-லேர்ந்து இருந்த ஒரு ஓட்டை, 2022 ஜனவரியிலதான் வெளியே வந்துச்சு. பட்டன், மெனு, படம், ஃபான்ட்னு லட்சக்கணக்கான வரி கோடு இருக்கற எடிட்டரை ரூட்டா ஓட்டினா, எத்தனை ஓட்டைக்கு வாசல் திறக்கறோம்னு நீங்களே கணக்குப் போடுங்க.

எங்க மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்துச்சு. எல்லா அதிகாரமும் ஒருத்தர் கையில இருந்தா எப்படி இருக்கும்னு பாடம் எடுக்க எங்க தாத்தா பாட்டிகள் போதும். அதனாலயோ என்னவோ, ரூட்டைப் பார்த்து டோக்கன் கேட்கற அந்த எரர் மெசேஜ் மேல எனக்குத் தனிப் பாசம்!

அடுத்த தடவை யாராவது "ஃபார்மட் போட்டாதான் சரியாகும்"னு சொன்னா, உடனே தலையாட்டாதீங்க ஃப்ரெண்ட்ஸ். "ஃபைல் யார் பேர்ல இருக்குன்னு பார்த்தீங்களாண்ணா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.