தாய் என்றால் அண்ணன்

என் அப்பா நாலாம் வகுப்புவரை படித்தவர். கத்தார் நாட்டில் பத்து வருஷம் கம்பி கட்டினார். அந்தக் கூலியில்தான் நான் இன்று டிப்ளமோ சிவில் படிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஹால் டிக்கெட் என்னுடையதுதான்!

அப்பா தங்கிய அறையில் எட்டுப் பேர். தமிழர், மலையாளி, வங்கதேசத்துக்காரர், நேபாளி என்று எல்லோரும் உண்டு. 2014-ல் சாரத்திலிருந்து விழுந்து அப்பாவுக்குக் கால் முறிந்தது. மூன்று மாதம் கம்பெனியில் சம்பளம் இல்லை. அப்போ அறைக்காரங்கதான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எங்களுக்குப் பணம் அனுப்பினாங்க. முதலில் எடுத்துக் கொடுத்தவர் நேபாளத்துக்காரர். அப்பா அவரைத் 'தாய்' என்றே கூப்பிடுவார். நேபாள மொழியில் தாய் என்றால் அண்ணன்!

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் பூகம்பம். ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். கோர்க்கா மாவட்டத்தில் அந்த அண்ணன் வீடும் இடிந்தது. அடுத்த மாதம் அப்பாவிடமிருந்து பணம் வரவில்லை. அம்மா தோட்டை அடகு வைத்து எனக்கு ஸ்கூல் பீஸ் கட்டினாங்க. "ஊருக்குக் கொடுக்க நாம என்ன மிராசுதாரா?" என்று போனில் ஒரே சண்டை. அப்பா சொன்னது ஒன்றுதான்: "நம்ம அடுப்பு எரிஞ்சது அவர் காசுல."

உலக நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 2015 ஜூனில் 400 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. வீடு இழந்தவர்களுக்கு அரசு 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. ஆனால் அஸ்திவாரம் பார்த்து, சுவர் பார்த்து, தவணையாகத்தான் கொடுத்தது. அந்த மழைக்கு அண்ணன் வீட்டில் தகரம் போட்டது அறைக்காரர்கள் பணம். பிறகு வீடாகக் கட்ட உதவியது அரசுப் பணம். இரண்டும் தேவைதான்.

2023-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு அனுப்பியது சுமார் 65,000 கோடி டாலர். பணக்கார நாடுகள் தந்த வளர்ச்சி உதவி சுமார் 22,000 கோடி டாலர். அதற்காக ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கூலிக்காரன் தலையில் கட்டிவிட முடியுமா? அது அரசுகளின் கடமை.

ஆனால் நண்பர்களே, உதவிப் பணத்தில் கொடுப்பவர் என்றும் மேலே, வாங்குபவர் என்றும் கீழே. அப்பாவின் அறையில் இன்று வாங்கிய கை நாளை கொடுத்தது. நாளை இன்ஜினியராக சைட்டில் நிற்கப்போகும் நாம், கம்பி கட்டுபவர் எந்த ஊர் என்று கேட்கும் முன், சாப்பிட்டாரா என்று கேட்போம்!

அம்மாவின் தோடு ஏலத்தில் போய்விட்டது. என் முதல் சம்பளத்தில் வாங்கித் தர்றேன் என்றேன். அம்மா கேட்டாங்க: "அந்த நேபாளத்து அண்ணன் வீடு இப்போ ஒழுகாம இருக்கா?"