தணுப்பும் காற்றும்

நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு கார் விளம்பரக் கையேட்டைத் தமிழாக்கம் செய்து கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவசர வேலை. ஆங்கிலத்தில் 'வென்டிலேட்டட் சீட்' என்று இருந்ததை அதிகம் யோசிக்காமல் 'குளிரூட்டப்பட்ட இருக்கை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் செய்த பிழை அப்படியே அச்சேறிவிட்டது. அந்தப் பிழையை நானே நம்பி ஒரு காரும் வாங்குவேன் என்று அப்போது தெரியாது.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கத்தில். சற்று வேகமாக நடந்தால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு, வந்துவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில், கார் மெக்கானிக் களியக்காவிளையில்.

அம்மாவுக்கு 74 வயதில் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பியது, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாரம் மூன்று நாள் திருவனந்தபுரத்துக்கு பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகிற சாலை அது. பாலராமபுரம் முக்கில் சிக்கிக்கொண்டால் அன்றைய கணக்கே தப்பிவிடும். போய்த் திரும்ப மூன்று மணி நேரம் அம்மா அந்த முன் இருக்கையில்தான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் 'குளிர் இருக்கை' உள்ள காராகப் பார்த்து, பழையதாக ஒன்றை வாங்கினேன்.

இந்த வசதி முதலில் பெரிய பணக்காரர்களுடையதாக இருந்தது. 1997-ல் வந்த ஸ்வீடன் நாட்டு சாப் 9-5 கார், இருக்கைக்குள் விசிறி வைத்த முன்னோடிகளில் ஒன்று. நம் ஊரில் 2017-ல் ஹூண்டாய் வெர்னா, 2019-ல் கியா செல்டோஸ், 2022-ல் மாருதி எக்ஸ்எல்6 என்று நடுத்தரக் குடும்பத்தின் கடன் தவணைக்குள் அது இறங்கி வந்தது. பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு எரியும். நீல நிறம் என்றால் குளிர்ச்சி என்று நாமே அர்த்தம் செய்துகொள்கிறோம்.

"மக்களே, இது தணுக்கவே இல்லையே" என்று அம்மா முதல் வாரமே சொன்னாள். வயதானவர்களுக்கு உணர்ச்சி குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

கேரளத்தில் 2008-ல் வலி நிவாரணப் பராமரிப்புக்கென்று அரசே ஒரு கொள்கை வகுத்தது. அதன் பிறகு உள்ளாட்சிகள் மூலம் நர்ஸுகள் வீடு தேடி வருகிறார்கள். அப்படி வந்த நர்ஸ் ஒருநாள் அம்மாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு. அதை விரலால் அழுத்தி எடுத்தார். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப்புண்ணின் முதல் படி அது. தோல் இன்னும் கிழியவில்லை, அவ்வளவுதான்.

"காரில் எத்ர நேரம் இரிக்கும், சேட்டா?" என்று கேட்டார்.

மூன்று மணி நேரம் என்றேன். "ஆனால் கூலிங் சீட் உண்டு" என்று கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துச் சொன்னேன். அவர் முற்றத்தில் நின்ற காரின் கதவைத் திறந்து, விசிறியைப் போடச் சொல்லி, இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ஒரே இடத்தில் அழுத்தம், அதோடு வியர்வை ஈரம், இரண்டும் சேர்ந்தால் தோல் ஊறி இற்றுப்போகும் என்று விளக்கினார். வழியில் அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி அம்மாவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. இருக்கையைச் சரிசெய்வது என் பாடு.

ஒரு சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். விசிறியைத் தனியாக மாற்றித் தரமாட்டார்களாம், குஷன் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். அவர்கள் சொன்ன தொகைக்கு நான் மூன்று நாவல்களை மொழிபெயர்க்க வேண்டும். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றுமே, ஒரு சாண் கூட இல்லாத சதுர விசிறி, அதில் ஒன்றை வாங்கி வந்தேன். அதுவும் 12 வோல்ட், காரும் 12 வோல்ட். அட்டையில் அச்சிட்டிருந்த காற்றின் அளவோ பிரமாதமாக இருந்தது. குஷனுக்கு அடியில் இருந்த நத்தைக் கூடு போன்ற பழைய ஊதுவிசிறியைக் கழற்றிவிட்டு இதை நாடா ஒட்டிப் பொருத்தினேன். சில விநாடிகளில் நீல விளக்கு அணைந்துவிட்டது. பழைய விசிறிக்கு நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று வேகத்தைக் கட்டளையிட, இன்னொன்று 'நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று திருப்பிச் சொல்ல. அந்தப் பதில் வராவிட்டால் விசிறி செத்துவிட்டது என்று கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவு செய்துவிடும். நான் விடவில்லை. போன் சார்ஜ் செய்கிற துளையிலிருந்து தனியாகக் கம்பி இழுத்தேன். இருக்கையின் பொத்தல்கள் மேல் வைத்த காகிதம் பறந்தது. வெற்றி என்று கூவினேன்.

அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தோம். "ஒண்ணும் இல்லியே" என்றாள்.

மேஜை விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. இறக்கை விசிறி திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும். எதிர்ப்பு வந்தால் தோற்றுவிடும். ஆள் உட்கார்ந்ததும் பஞ்சு அமுங்குகிறது, துளைகள் இறுகுகின்றன. அதை மீறித் தள்ள அழுத்தம் வேண்டும். கொல்லன் பட்டறையில் கைப்பிடியைச் சுற்றிக் கரியை ஊதுவார்களே, இருக்கைக்குள் இருக்கும் நத்தைக் கூடு அந்த விசிறியின் தம்பி. எந்த மாற்று விசிறியையும் காலி இருக்கையில் சோதித்துப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அப்போதுதான் என் பழைய மொழிபெயர்ப்பு ஞாபகம் வந்து உறுத்தியது. இது குளிரூட்டுகிற இயந்திரமே அல்ல. 1834-ல் பெல்டியர் கண்டுபிடித்த தத்துவத்தை வைத்து, மின்சாரத்தால் உண்மையாகவே குளிர்கிற சில்லைப் பொருத்திய இருக்கைகளும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பெரிய விலைக் கார்களில். மற்றதெல்லாம் வெறும் காற்றோட்டம். காருக்குள் இருக்கிற காற்றையே எடுத்து முதுகுக்கும் தொடைக்கும் அடியில் ஓட விடுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. குளிர்ச்சி அங்கிருந்துதான். எங்கள் ஊர் மழைக்கால ஈரக் காற்றை அப்படியே ஊதினால் வியர்வை எங்கே காயும்? ஏ.சி. ஓடினால் காற்றிலுள்ள ஈரம் நீராக வடிந்து வெளியே சொட்டிவிடும். அந்த உலர்ந்த காற்று கிடைத்தால்தான் இருக்கை வேலை செய்யும். படுக்கைப்புண் நோயாளிகளுக்கென்று நுண்துளைகள் வழியாகக் காற்றைக் கசியவிடும் மெத்தைகள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. அவற்றின் வேலையும் தோலை உலர்வாக வைப்பதுதான். எனக்கு வேண்டியிருந்தது அதன் ஏழைத் தம்பி. தணுப்பு அல்ல, காற்று.

களியக்காவிளையில் குஷன் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர். காரைச் சுற்றி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "மக்கா, இந்த சீட்டுக்க சைடுல ஏர்பேக் உண்டா?" என்பதுதான். உண்டு. நான் அதை நினைக்கவே இல்லை. அடியில் மஞ்சள் உறை போட்ட கம்பிகளை விலக்கி விலக்கி நான் ஸ்குரூடிரைவர் விட்டதை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, "வா, சாயா குடிப்போம்" என்றார். ஏர்பேக் பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய சில நிமிடங்கள் வேண்டும். கார்க் கம்பெனிகளின் பணிமனைக் கையேடுகளும் அதையேதான் சொல்கின்றன. அந்த மஞ்சள் கம்பியில் மல்டிமீட்டர் வைத்து அளக்கவும் கூடாது. அளக்கும் கருவி அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம். இணைப்பு கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு அதை அழிக்க ஸ்கேனர் தேடி அலைய வேண்டும். மற்றதெல்லாம் ஸ்குரூவும் கிளிப்பும்தான். இந்த ஒன்றில் மட்டும் விளையாட்டு கிடையாது.

சாயா முடிந்து இருக்கையைத் திறந்தோம். விசிறியிலிருந்து பஞ்சுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வாய் கழன்று, இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி. இத்தனை மாதமும் காற்றெல்லாம் தரைவிரிப்புக்குப் போயிருக்கிறது. விசிறி வாயில் தலைமுடி, பவுடர், நூல் பிசிறு எல்லாம் சேர்ந்து ஒரு சிறு தலையணை. போதாததற்கு இருக்கைக்கு அடியில் ஒரு பொட்டலம். வெளியே இழுத்தால் என் மெய்ப்புத் தாள்கள். விசிறி மூச்சு விடும் துளையை என் எழுத்தே அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தது எனக்கு ரசிக்கவில்லை.

குழாய் வாயைப் பொருத்தி, சுற்றிலும் பஞ்சு நாடா ஒட்டினார். பழைய விசிறியைத் துடைத்து மாட்டினோம். அம்மா உட்கார்ந்திருக்கும்போதே தொடைக்குப் பக்கத்தில் காற்று வருவது கையில் தெரிந்தது. புது விசிறி வாங்காமலே பாதி வேலை முடிந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதே வடிவத்தில், நான்கு கம்பிகளோடு, சற்று வலுவான ஊதுவிசிறி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விசிறியின் வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் காற்றும் கால் பங்குதான் கூடும். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய இரட்டிக்கும். இரைச்சலும் கூடும். ஆகவே பியூஸும் கம்பியும் தாங்குமா என்று மின்னோட்டத்தை அளந்து பார்த்த பிறகே மாட்டினோம். பியூஸ் போனால் பெரியதைப் போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்துக் கடைப் பையன் யோசனை சொன்னான். கம்பி எரிவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்று பெரியவர் அவனை விரட்டினார்.

பாக்கி இருந்தது மேலே இருந்த தடைகள். வண்டியை விற்றவர் தோல் அழுக்காகாமல் இருக்கத் துளையே இல்லாத ரெக்சின் உறை மாட்டியிருந்தார். நம் பக்கத்தில் புதுக் கார் வாங்கியதும் செய்கிற முதல் மரியாதை அது. காற்று வரும் இருக்கைக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. பக்கவாட்டு ஏர்பேக் வெளியே வரும் வழியையும் அது மறிக்கும். அதைக் கிழித்து எறிந்தோம். அதன் மேல் நான் விரித்து வந்த தடித்த டர்க்கி டவலும் போயிற்று. பதிலுக்கு அம்மா தன் பெட்டியிலிருந்து பழைய பாலராமபுரம் வேட்டி ஒன்றை எடுக்கச் சொன்னாள். அப்பாவுடையது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து திருவிதாங்கூர் ராஜாக்கள் கூட்டிவந்து குடியமர்த்திய சாலியர்கள் வளர்த்த நெசவு அது. 2009-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. துவைத்துத் துவைத்து மெலிந்துபோன அந்தப் பருத்தி, வியர்வையை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் வந்தார். அம்மாவைப் புரட்டி, அழுத்தி, விளக்கை வைத்துப் பார்த்தார். சிவப்பு மறைந்திருந்தது. நான் விசிறியின் பிரதாபத்தை ஆரம்பித்தேன். ஒழுங்காக வண்டியை நிறுத்திச் சாய்த்துப் பிடித்தீர்களா என்று குறுக்கே கேட்டார். பிடித்தோம் என்றேன். "அதாணு காரியம்" என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். இருக்கையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

புது விசிறி மூன்றாம் வேகத்தில் நன்றாகவே ஊதுகிறது. ஆனால் அந்த வேகத்தை நாங்கள் போடுவதில்லை. போன வாரம் அமரவிளைப் பாலம் தாண்டும்போது அம்மா சொன்னாள்: "மக்களே, இதைக் கொஞ்சம் குறை. ரேடியோவுல பாட்டு கேக்கல." ஒன்றில் வைத்தேன். உதியன்குளங்கரையில் ஒரு மர நிழலில் வண்டியை ஓரம் கட்டி, வலது பக்கமாக அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடியும் வரை அப்படியே நின்றோம்.