மாறாது எண்டு வாக்குக் குடுக்கிறது

போஸ்ட்கிரெஸில் எழுதுகிற ஃபங்ஷனுக்கு வோலடைல், ஸ்டேபிள், இம்யூட்டபிள் என்ற மூன்று அடையாளங்களில் ஒன்றைக் குடுக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் அது வோலடைல். இம்யூட்டபிள் எண்டால், ஒரே உள்ளீட்டுக்கு எந்தக் காலத்திலும் ஒரே விடைதான் வரும் என்று நாங்கள் குடுக்கிற வாக்கு. உள்ளுக்குள்ள ஒரு அட்டவணையை வாசிக்கிறோமா எண்டு அது சோதிக்காது, நம்பிவிடும்.

எங்களிட்டத் திருத்தத் தந்த ஒரு கடைக் கணக்கில் இதுதான் நடந்திருந்தது. விலையைக் குடுத்தால், வரி அட்டவணையில் வற் வீதத்தைப் பார்த்து, மொத்தத்தைத் திருப்பித் தருகிற ஃபங்ஷன். அதன்மேல் ஒரு இன்டெக்ஸ். இன்டெக்ஸில் வருகிற ஃபங்ஷன் இம்யூட்டபிளாக இருக்க வேணும் என்று போஸ்ட்கிரெஸ் பிழைச் செய்தி காட்டும். அடையாளத்தை மாற்றினால் செய்தி போய்விடும். ஆரோ மாற்றிவிட்டுப் போயிருக்கினம்.

2024 ஜனவரி 1 இல் வற் 15 இலிருந்து 18 சதவீதமாகியது. அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். ஆனால் இன்டெக்ஸுக்குள் பழைய கணக்கு உறைந்து கிடந்தது. 10,000 ரூபா பொருளுக்கு பில்லில் சரியாக 11,800 எண்டு விழுகுது. 11,600 க்கு மேற்பட்ட பொருட்களைத் தேடினாலோ அது வராது, இன்டெக்ஸில் இன்னும் 11,500 தான். இன்டெக்ஸைப் பாவிக்காமல் தேடினால் வரும்! ஒரே கேள்விக்கு இரண்டு பதில், ஒரு பிழைச் செய்தியும் இல்லை. எங்களுக்குப் பயம் தந்தது அந்த மௌனம்தான்.

வற் இந்த நாட்டில் மாறாத ஒன்றா? 2022 இல் மட்டும் 8 இலிருந்து 12, பிறகு 15.

இதில் போஸ்ட்கிரெஸும் முழுச் சுத்தம் இல்லை. நேரவலயப் பெயரைக் குடுத்து நேரம் மாற்றுகிற அதன் சொந்த ஃபங்ஷனே இம்யூட்டபிள் எண்டுதான் இருக்குது. 2006 ஏப்ரலில் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போன எங்கட மணிக்கூட்டைக் கேட்டால் தெரியும்.

ரீஇன்டெக்ஸ் போட்டால் அண்டைக்குச் சரியாகும், அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரைக்கும். அதனால நாங்கள் வீதத்தையும் ஃபங்ஷனுக்கு உள்ளீடாக்கினோம். இப்ப அது வெறும் பெருக்கல், இம்யூட்டபிள் எண்டு தைரியமாகச் சொல்லலாம். பொருள் வரிசையில் இப்போதைய வீதத்துக்கு ஒரு நிரல். வீதம் மாறினால் அதை மாற்ற, இன்டெக்ஸும் தானாக மாறும். பில்லில் அண்டைய வீதம் தனியாகப் பதிவாகும். 2023 இல் 15 கட்டின வாடிக்கையாளரின் பற்றுச்சீட்டை இண்டைக்குத் திருப்பி எடுத்தாலும் 15 தான் வரும்.