எழுப்பாதீங்க அத்தை

மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்பு, பந்தி எல்லாம் முடிந்து, மாடி ஹாலில் ஜமுக்காளம் விரித்து வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். மணி பதினொன்று தாண்டியிருக்கும். நடு வரிசையில் திடீரென்று ஓர் அலறல்.

நாலு வயதுப் பையன். எழுந்து உட்கார்ந்து வீரிட்டுக் கத்துகிறான். கண் திறந்திருக்கிறது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. வேர்த்து, நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்கிறது. "அம்மா" என்று கூப்பிடுகிறான். அம்மா கையை நீட்டினால் தள்ளிவிடுகிறான்.

யாரோ லைட்டைப் போடுகிறார்கள். "முகத்துல தண்ணியைத் தெளி" என்கிறது ஒரு குரல். "புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு" என்கிறது இன்னொன்று. பாட்டி சுருக்குப் பையிலிருந்து விபூதியை எடுத்துக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து உலுக்கப் போகிறாள்.

"எழுப்பாதீங்க அத்தை. அவன் தூக்கத்துலதான் இருக்கான். புடிச்சா இன்னும் திமிறுவான். லைட்டை மட்டும் அணைக்கச் சொல்லுங்க."

பையனின் அம்மா பக்கத்தில் இருந்த எவர்சில்வர் சொம்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் நகர்த்துகிறாள். கணவனை மாடிப்படி ஓரம் நிற்கச் சொல்கிறாள். எழுந்து ஓடினால் தடுக்க வேண்டுமே. பிறகு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளை அலறும்போது அள்ளி எடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்! மடியில் அவள் புடவைத் தலைப்பு முறுக்கி முறுக்கிக் கயிறாகிவிட்டது.

ஐந்தாறு நிமிஷத்தில் கத்தல் சிணுங்கலாகிறது. அவனே சரிந்து படுத்துத் தூங்குகிறான்.

கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில் வரும். பயந்து விழித்த பிள்ளை மடியைத் தேடும், கனவைச் சொல்லும். இவனுக்கு வந்தது வேறு. தூங்கி 1 முதல் 3 மணி நேரத்துக்குள், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் வருவது. பகல் தூக்கம் கெட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, புது இடமானாலோ வர வாய்ப்பு அதிகம். இவன் மத்தியானம் கண்ணை மூடவே இல்லை; ராத்திரி வரை மேளக்காரர்கள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

"இவன் அப்பனும் இந்த வயசுல இப்படித்தான் கத்துவான். தர்காவுல ஓதிக்கிட்டு வருவோம்" என்கிறாள் பாட்டி.

"குடும்பத்துல இருந்தா வரும்னு டாக்டரும் சொன்னார் அத்தை. பெரியவனானா தானா நின்னுடுமாம். கை கால் வெட்டி இழுத்தாலோ, பலமா குறட்டை விட்டாலோதான் உடனே கூட்டிட்டு வரச் சொன்னார். வீட்டுல தினம் ஒரே நேரத்துக்கு வந்துச்சு. அதுக்குக் கால் மணி முன்னாடியே லேசா எழுப்பி, திரும்பத் தூங்க வச்சோம். கொஞ்ச நாள்ல நின்னுச்சு."

பாட்டி விபூதியைத் தூங்கும் பேரன் நெற்றியில் மெல்லப் பூசுகிறாள். மருமகள் தடுக்கவில்லை.

காலையில் இட்லிப் பந்தியில் ஒரு பெரியம்மா, "ராத்திரி என்னத்தடா பாத்து அப்படிக் கத்துனே?" என்று ஆரம்பிக்கிறாள். பையன் விழிக்கிறான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. கேட்கக் கேட்கத்தான், இல்லாத பயம் ஒன்று அந்த முகத்தில் எட்டிப் பார்க்கிறது.

"புள்ளையச் சாப்பிட விடு" என்று அதட்டுகிறாள் பாட்டி. முகூர்த்தம் முடிந்து மதியப் பந்தி ஆனதும், போட்டோவுக்குக் கூப்பிட்டவர்களையெல்லாம் விலக்கிவிட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறாள். அவன் ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகுதான் அவளுக்குக் கல்யாண வேலை.