நாட்டிங்ஹாம் பொம்மைப் பட்டாளம்

"நீ வந்து என் பிள்ளைக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போ. பத்திரிகைக்காரி சொன்னால் ஒருவேளை கேட்பான்" என்று என் சிநேகிதி டெலிபோனில் சொன்னபோது, விஷயம் இன்னதென்று எனக்கு விளங்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை. பரீட்சை வருஷம். வேண்டாத சகவாசம் ஏதாவது ஏற்பட்டுவிட்டதோ என்று என் மனம் எங்கெங்கோ போயிற்று.

"அதெல்லாம் ஒன்றுமில்லையடீ. பொம்மைக்கு வர்ணம் பூசுகிறான்!" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

லண்டனில் நான் போன காரியம் முடிந்து, ஊர் திரும்ப நாலு நாள் பாக்கி இருந்தது. செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இரண்டு மணி நேரத்துக்குள் நாட்டிங்ஹாமில் இறங்கினேன். ஐப்பசி மாதக் குளிர். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, அப்படியும் பல் கிட்டியது.

நாட்டிங்ஹாம் என்றால் முதலில் ராபின்ஹூட்தான். கோட்டைக்கு வெளியே 1952-ல் அவனுக்கு வைத்த வெண்கலச் சிலை வில்லை வளைத்து நிற்கிறது. அந்த அம்பை யாராவது ஒடித்துக்கொண்டு போவதும், நகரசபையார் மறுபடி பொருத்துவதும் அங்கே பழகிப்போன கதை. திருடர் தலைவனிடமே திருட்டு! என் தாத்தா கண்ணைப் போலக் காத்த ராலி சைக்கிளும் இந்த ஊர்ச் சரக்குதான். ராலி என்பது இங்குள்ள ஒரு தெருவின் பெயர் என்று அங்கே போன பிறகே தெரிந்தது. 2002-ஆம் ஆண்டோடு இங்கே சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் நம் சகோதரிகள் பார்க்கவேண்டிய இடம் லேஸ் மார்க்கெட் என்ற பேட்டை. சென்றதற்கு முந்தின நூற்றாண்டில் உலகத்துச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் யந்திரத்தில் லேஸ் பின்னி அனுப்பிய ஊர் இது. செங்கல் கிடங்குகள் நாலு மாடி, ஐந்து மாடி உயரம் நிற்கின்றன. மேல் மாடிகளில் மட்டும் ஜன்னல்கள் வரிசையாக, அகல அகலமாக இருக்கின்றன. வெளிச்சம் வேண்டும் அல்லவா? அங்கே உட்கார்ந்த பெண்கள் லேஸை விரித்துப் பார்த்து, இழை விட்டுப்போன இடத்தை ஊசியால் சரிசெய்வார்களாம். இப்போது அந்தக் கட்டடங்களில் கல்லூரியும் ஹோட்டல்களும் குடியிருப்புகளும் வந்துவிட்டன. கண்ணுக்கு அருகே வைத்துச் செய்யும் வேலை மட்டும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அதை என் சிநேகிதி வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே கண்டேன்.

மேஜையில் பாதி இடத்தில்தான் சாப்பாடு. மறு பாதியில் ஐம்பது, அறுபது குட்டி வர்ணப் புட்டிகள், ஒரு விளக்கு, பூதக்கண்ணாடி, சின்னக் கத்தி, கத்தரி. நடுவே ஒரு வீரன். உயரம் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. நீலக் கவசம், சிவப்பு மேலங்கி, கையில் வாள். கவசத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் மயிரிழை போன்ற வெளிர்நீலக் கோடு. முகத்தில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று. கண்ணில் கருமணி வேறு!

"நாலு மாசம் ஆயிற்று இதற்கு" என்றாள் தோழி. "பேக்கிங் காகிதத்தை யார் எடுக்கிறார்கள் என்று தேடினேன். எல்லாம் இங்கே!"

ஒரு தட்டில் ஈர ஸ்பாஞ்சு வைத்து, அதன் மேல் கேக் சுடும் காகிதத்தைப் பரப்பி, அதில் வர்ணத்தைக் குழைக்கிறார்கள். வர்ணம் சீக்கிரம் உலராமல் இருக்க அந்த ஏற்பாடு. மறுநாள் பிள்ளையாண்டானே எனக்கு விளக்கினான். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. "வாங்க சித்தி, கோட்டையைக் காட்டறேன்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனவன், ராபின்ஹூட் கோட்டைக்குப் போகவில்லை. லென்டன் பகுதிக்குப் போனான்.

அங்கேதான் இந்தப் பொம்மைகளைச் செய்யும் கம்பெனியின் தலைமையகமும், 'வார்ஹாமர் வேர்ல்ட்' என்ற காட்சிசாலையும் இருக்கின்றன. வாசலில் கவசம் அணிந்த பிரம்மாண்டமான வீரன் சிலை காவல் நிற்கிறது. கம்பெனியின் பூர்வ கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1975-ல் லண்டனில் மூன்று இளைஞர்கள் ஆரம்பித்தது இது. முதலில் அவர்கள் செய்து விற்றது மரத்தாலான ஆட்டப் பலகைகள். அவற்றில் 'மங்காலா' பலகையும் ஒன்று. குழி குழியாய் இருக்கும், முத்துப் போட்டு ஆடுவது. நம் பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆரம்பித்த கடை 1983-ல் ராட்சதர், குள்ளர், மந்திரவாதிகள் சண்டையிடும் 'வார்ஹாமர்' ஆட்டத்தையும், 1987-ல் 'வார்ஹாமர் 40,000' ஆட்டத்தையும் வெளியிட்டது. இது இன்னும் முப்பத்தெட்டாயிரம் வருஷம் கழித்து, நட்சத்திரங்களுக்கு நடுவே நடக்கும் யுத்தம். மனிதர்களுக்கு அப்போதும் சண்டை ஓயவில்லையாம். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பெரியவர்கள் ஆடுவது இங்கிலாந்தில் புதிதல்ல. எச். ஜி. வெல்ஸ் 1913-லேயே அதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். ஆனால் இங்கே ஆட்டம் பாதி, வர்ணம் பாதி. ஆடாமல் வர்ணம் மட்டும் பூசுகிறவர்களும் இருக்கிறார்களாம்.

உள்ளே கூடம் கூடமாகக் கண்ணாடிப் பேழைகள். ஒரு கூடத்தில் முழுப் போர்க்களமே நிற்கிறது. கோட்டை, கொத்தளம், அகழி, எங்கே பார்த்தாலும் வீரர்கள். மாடிப்படி ஏறி மேலிருந்தும் பார்க்கலாம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒருவர் தூரிகை தொட்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. நம் வீட்டுக் கொலுவுக்கு ஏழு பொம்மைக்கு வர்ணம் அடித்துவிட்டு, முதுகு வலி என்று நான் படுத்த கதை நினைவு வந்தது.

"கடையில் இப்படியே விற்கிறார்களா?" என்று கேட்டேன்.

பையன் சிரித்தான். கடையில் கிடைப்பது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டம். கை, கால், தலை எல்லாம் அதில் தனித்தனியாக, காம்பில் காய் தொங்குவது போலத் தொங்கும். வெட்டி எடுக்க வேண்டும். அச்சின் தழும்பைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பிளாஸ்டிக்கையே சற்று உருக்கிச் சேர்க்கும் பசையால் ஒட்ட வேண்டும். பிறகு பிரைமர், அதன் மேல் தண்ணீர் விட்ட வர்ணம், மெல்லியதாக இரண்டு தடவை. "அவசரப்பட்டு ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் முகமே மூழ்கிப்போய்விடும் சித்தி." அப்புறம் 'வாஷ்' என்ற நீர்த்த கறுப்புச் சாயத்தை விட்டால், அது ஓடிப்போய்ப் பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும். கடைசியில் விளிம்புக் கோடு. நல்ல தூரிகைக்கு சைபீரியாவில் இருக்கும் கீரி போன்ற பிராணி ஒன்றின் வால் மயிர் வேண்டுமாம். தூரிகையை வாயில் வைத்து முனை கூட்டும் கெட்ட பழக்கம் பாதிப் பேருக்கு உண்டு. இவனுக்கும் உண்டு. அவன் தாயாரிடம் நான் சொல்லவில்லை.

ஒரு பேழையின் முன்னால் அவன் நெடுநேரம் நின்றான். கம்பெனி செய்யாத உருவம் அது என்றான். ஒரு பெட்டியிலிருந்து உடல், இன்னொன்றிலிருந்து கால், வேறொன்றிலிருந்து தலை. இடைவெளியை மாவால் நிரப்பி, செதுக்கி, புதிதாகவே ஆக்கியிருக்கிறார்கள். இதற்குக் 'கன்வர்ஷன்' என்று பெயர். ஒரே அச்சில் லட்சக்கணக்காய் வருவதை, உலகத்தில் ஒன்றே ஒன்றாக ஆக்கும் வித்தை. 1987 முதல் 'கோல்டன் டீமன்' என்று வர்ணப் போட்டி நடக்கிறது. அதில் எல்லோரையும் மிஞ்சியவருக்கு நிஜமான வாள் பரிசு!

"நீ கன்வர்ஷன் செய்வாயா?"

"பயம் சித்தி. நல்லா இருக்கறதை வெட்டணுமே."

அவனும் சனிக்கிழமை ஒரு சின்னப் போட்டிக்குப் போகிறான் என்பதும், அது முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிடவேண்டும் என்பது தாயின் கட்டளை என்பதும் அப்போதுதான் தெரிந்தன.

அன்று மாலை அந்த விபரீதம் நடந்தது. செய்தவள் நான்தான். மேஜையிலிருந்து எழுந்தேன். புடவைத் தலைப்பு வீசிற்று. 'டக்'கென்று ஒரு சத்தம். பதறிப்போய் ஓர் அடி பின்னால் வைத்தேன். காலடியில் 'நறுக்'கென்றது. வீரன் ஓடு போட்ட தரையில் கிடந்தான். வாள் பிடித்த வலது கை என் செருப்புக்கு அடியில் தூள்.

பையன் குனிந்து எடுத்தான். "பரவாயில்லை சித்தி" என்றான். குரல் கம்மியது.

"புதுசாக வாங்கிக்கொண்டால் போச்சு! முப்பது, நாற்பது பவுன்தானே?" என்றாள் என் சிநேகிதி, எனக்காக.

"பொம்மை வாங்கலாம் அம்மா. நான் பூசினதை வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு நாக்குப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வார்த்தை புத்தி சொல்ல வந்தவள் செய்த காரியம்! சிநேகிதி பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். அவள் கணவர் அந்த வாரம் வேலையாக ஸ்காட்லாந்து போயிருந்தார். வீட்டில் இருவர் மட்டும். "இப்போது அவன் உன்னிடம் பேசினானே, ஒரு வாக்கியம் முழுசாக! என்னிடம் பேசி எத்தனை நாளாயிற்று தெரியுமா? சரி, ம், பசிக்கலை, இவ்வளவுதான். அந்தப் பொம்மையோடு நாலு மணி நேரம் இருக்கிறான். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்." பரீட்சையைப் பற்றி அவள் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி இருக்கும். பையன் ஒரு தகர டப்பாவுடன் இறங்கி வந்தான். அதில் மிச்சப்பட்ட கைகளும் கால்களும் குவியலாய்க் கிடந்தன. கிளறிக் கிளறி ஒரு இரும்புக் கொடுக்கை எடுத்தான். அது 'ஆர்க்' என்ற பச்சை ராட்சதக் கூட்டத்துச் சாமான். வண்டிக்குச் சிவப்பு அடித்தால் அதிக வேகமாய் ஓடும் என்று நம்புகிற ஜாதியாம் அது! (நம் ஊர் மினி பஸ்காரர்கள் சிலரும் அதில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.)

"கை போன வீரனுக்கு அந்தக் கதையிலேயே இரும்புக் கை வைப்பாங்க சித்தி. தப்பில்லை" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

கத்தியை எடுத்தான். ஒடிந்த தோளைச் சமமாக வெட்டவேண்டும். கை நடுங்கியது. ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு வெட்டினான். விரலால் உருட்டும் சிறு துளைப்பானால் தோளில் ஒரு துளை, கொடுக்கில் ஒரு துளை. நடுவில் காகிதக் கவ்வியிலிருந்து வெட்டிய கம்பி. ஒட்டினதும் இடைவெளிக்கு மாவு. நீலப் பட்டையும் மஞ்சள் பட்டையுமாய் வரும் இரண்டையும் பிசைந்தால் பச்சையாகிறது. மெல்லிய திரியாக உருட்டி, தோளிலிருந்து கொடுக்கு வரை குழாய் போல் வளைத்தான். ஈர ஊசியால் வரி வரியாக அழுத்தினான். விளக்கு எட்டவில்லை. யாரும் சொல்லாமலே என் சிநேகிதி எழுந்து வந்து அதைத் தூக்கிப் பிடித்தாள்.

இரவெல்லாம் மாவு இறுகியது. வெள்ளிக்கிழமை மாலை வர்ணம். வெள்ளி நிறம் பூசி, கறுப்பு வாஷ் விட்டு, ஸ்பாஞ்சுத் துண்டால் துரு ஒற்றினான். "நம்ம பழைய வாணலி மாதிரியே இருக்கடா!" என்றாள் தாயார். அவன் சிரித்தான். விழுந்ததில் மேலங்கியின் கரையும் உரிந்திருந்தது. தங்கக் கோடு போட்டான், கோணல். துடைத்தான். மறுபடி கோணல். இரண்டு நாள் அசதி.

"இங்கே கொடு" என்றாள் அவள்.

ஹாஸ்டலில் மார்கழி மாதம் முப்பது நாளும் வாசலில் இழைக்கோலம் போட்டவள் அவள். நான் பக்கத்தில் செம்மண் கிண்ணம் பிடித்தவள். ஆனால் மாவு வேறு, வர்ணம் வேறு. முதல் கோடு அப்பிக்கொண்டது. எனக்கு மூச்சு நின்றது. பையன் பதறாமல் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட்டு, "தண்ணி போதலை அம்மா. பால் மாதிரி இருக்கணும்" என்றான். இரண்டாம் தடவை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். முழுக் கரைக்கும் ஒரே இழை. ஓர் இடத்தில் மட்டும் சற்றுத் தடிப்பு. அதை அவன் திருத்தவில்லை.

சனிக்கிழமை காலை நான் ரயில் ஏறிவிட்டேன். புத்தி சொல்ல மறந்தே போயிற்று.

சென்னை வந்து சேர்ந்த பிறகு சிநேகிதியிடமிருந்து தகவல் வந்தது. பரிசு கிடைக்கவில்லை. இரும்புக் கையை நடுவர் ஒருவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மற்றபடி பொம்மைகள் பரணுக்குப் போயிருக்கின்றன, பரீட்சை முடியும் வரையில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. பேக்கிங் காகிதம் இப்போது இரண்டு சுருளாக வாங்குகிறாளாம்.