பதினேழு வயதும் பழைய பாலமும்

2025 ஜூலை 9, புதன்

இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். மொட்டைமாடிப் படியில் பையன் உட்கார்ந்திருந்தான். போன் வெளிச்சம் அணைய அணைய, விரலால் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தான். பெயரை எழுதப்போவதில்லை. என்றைக்காவது இந்த நோட்டைப் பிரித்துப் பார்க்கிற ஜாதி அவன்.

"ப்ளூ டிக் வந்துடுச்சு பெரியம்மா. பதில்தான் வரல."

தங்கை வீட்டுக்காரருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். இன்டர் இரண்டாம் ஆண்டில், அதாவது பிளஸ் டூவில், பையனை இடம் மாற்ற வேண்டாமென்று ஹைதராபாத் பத்மாராவ் நகரில் எங்கள் வீட்டில் விட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குக் காலேஜ் பஸ், திரும்பிவர இரவு ஏழரை. இதில் காதலுக்கு நேரம் எங்கே என்றுதான் முதலில் தோன்றியது. பத்தாவது வரை இருவரும் ஒரே பள்ளியாம். இன்டரில் ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு வேறொரு கட்டடம். முகம் பார்த்து வருஷம் ஒன்றாகிறது. எல்லாமே போனில்தான்.

ஜூலை 13, ஞாயிறு

லஷ்கர் போனாலு திருவிழா. உஜ்ஜயினி மகாங்காளி கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. கூட்டம் என்றாலே முகம் சுளிக்கிறவன், கூப்பிடாமலே கூட வந்தான். காரணம் பதினைந்து நிமிடத்தில் தெரிந்தது. மஞ்சள் பூசிய பானையும் வேப்பிலையுமாக ஒரு அம்மா, பக்கத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண். அவள் இவனைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

அந்த அரை விநாடியை வைத்து இவன் சாயங்காலம் முழுக்க உரை எழுதினான். அம்மா இருந்ததால் திரும்பினாளா, கோபத்திலா, இல்லை மறந்தே போய்விட்டாளா? நாலு மணிக்குச் சிரித்தான். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டான். எட்டு மணிக்கு வாழ்க்கையே வேண்டாம் என்கிற முகம். ஒன்பதரைக்கு ஐந்து தோசை.

தோசையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த வயதின் துக்கத்தை யாரும் நம்பாமல் போவதற்குக் காரணமே, நடுவில் பசி எடுத்துவிடுவதுதான். பசி உண்மை என்பதால் துக்கம் பொய்யாகிவிடுமா?

ஜூலை 17, வியாழன்

"நேர்ல பேசிட வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க பேசறது, சொல்லுங்க."

பதில் இல்லை என்னிடம். டாங்க் பண்ட் ஏரிக்கரையில் யாராவது பார்ப்பார்கள். மாலில் உட்கார்ந்தால் காசு வேண்டும். மஃப்டியில் ஷீ டீம் இருக்கும் என்று இவனுக்கு ஒரு பயம். 2014-ல் தொடங்கிய அந்தப் போலீஸ் குழு பெண்களைத் தொந்தரவு செய்கிறவர்களைப் பிடிக்கத்தான் இருக்கிறது. ஆனால் பதினேழு வயதுக்கு எந்தப் போலீஸும் போலீஸ்தான். இந்திரா பார்க் என்று வாயெடுத்தேன், 2021 ஆகஸ்ட் ஞாபகம் வந்தது. கல்யாணமாகாத ஜோடிகளுக்கு அனுமதியில்லை என்று அந்த வாசலில் பலகை மாட்டினார்கள். ஊர் திரண்டு கேட்டதும் மாநகராட்சி கழற்றியது. கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால்தான் நிழலில் உட்காரலாமோ என்று அப்போது ஆபீசில் பேசிச் சிரித்தோம்.

பலகை போய்விட்டது. அதை எழுதிய மனசு எல்லா வீட்டு வாசலிலும் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

பேப்பரில் செய்தி. சம்மத வயதை 18-லிருந்து 16 ஆக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் கேட்டிருக்கிறார். 2012-ன் போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருவருக்குமே பதினேழு என்றாலும், புகார் என்று வந்தால் பெரும்பாலும் பையன் குற்றவாளி, பெண் பாதிக்கப்பட்டவள். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படியொரு வழக்கை ரத்து செய்தார். வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்றும் சொன்னார். குழந்தைகளைக் காப்பாற்ற இந்தச் சட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் மகளின் காதல் பிடிக்காத அப்பாவின் கையிலும் இதே சட்டம் போய்ச் சேர்கிறது, அதுதான் சிக்கல்.

இவனிடம் போக்சோ என்றால் என்னவென்று உட்கார வைத்துச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நாங்க மெசேஜ்தான் பெரியம்மா பண்ணோம்."

மிர்யாலகூடா கொலையைப் பற்றி நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். நல்கொண்டா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த மார்ச்சில். ஒருவனுக்குத் தூக்கு, ஆறு பேருக்கு ஆயுள். கொல்லப்பட்ட பிரணய் தலித் கிறிஸ்தவப் பையன். அவனும் அம்ருதாவும் பள்ளிக்கூடக் காலத்திலேயே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். 2018 செப்டம்பரில் கர்ப்பிணி மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது அவனை வெட்டினார்கள். கூலிக்கு ஆள் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அம்ருதாவின் அப்பா; அவர் தீர்ப்பு வரும் முன்பே 2020-ல் இறந்துபோனார்.

"எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்" என்றான், ஏதோ பாடத்தில் வருகிற மாதிரி.

ஜூலை 27, ஞாயிறு

புரானா புல்லுக்குக் கூட்டிப்போனேன். மூசி ஆற்றின் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டான். 1578-ல் இப்ராஹிம் குதுப்ஷா கட்டிய பாலம், இன்று அதன்மேல் காய்கறிக் கடைகள். ஊர்க்கதை இதுதான்: இளவரசன் முகமது குலி ஆற்றுக்கு அந்தப்புறம் சிச்சலம் கிராமத்துப் பாக்மதியைப் பார்க்க, வெள்ளத்தில் குதிரையை விட்டான். பதறிய அப்பா பாலம் கட்டினார். பிறகு அவளுக்காகவே 1591-ல் ஹைதராபாத் ஊரும் எழுந்தது.

"அவருக்கு அப்ப என்ன வயசு?"

"பதிமூணு இருக்கும்."

"எட்டாங் கிளாஸ்!" என்று சிரித்தான். பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது.

வரலாறு படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. கோல்கொண்டாவின் வியாபாரத்துக்குப் பாலம் தேவைப்பட்டது, கட்டினார்கள். பாக்மதி என்று ஒருத்தி இருந்தாளா என்பதிலேயே வரலாற்றாசிரியர் ஹாரூன் கான் ஷெர்வானிக்குச் சந்தேகம். குதுப்ஷாஹி கல்லறைத் தோட்டத்தில் முகமது குலியின் சமாதிதான் ஆகப் பெரியது. பாக்மதிக்கு ஒரு கல்கூட இல்லை. அக்பரின் தூதராகத் தக்காணத்துக்கு வந்த ஃபைஸியோ அவளை விலைமகள் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கென்னவோ, கதையிலேயே நம்பமுடியாத பாத்திரம் அந்த அப்பாதான்.

பையன் தக்காளிக் குவியல்களைத் தாண்டி அக்கரைவரை போய்த் திரும்பினான்.

"அந்தப் பொண்ணுக்கு இஷ்டமான்னு யாராவது கேட்டாங்களா பெரியம்மா?"

"கதையில இல்ல."

"நானும் கேக்கல" என்றான். "பதில் ஏன் போடலன்னு மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

ஜூலை 30, புதன்

சிநேகிதி ஒருத்தி மூலம் தகவல் வந்துவிட்டது. போனை அவள் அண்ணன் வாங்கி வைத்திருக்கிறான். ப்ளூ டிக் விழுந்ததும் அவன் பார்த்துத்தான். அவள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: இனி மெசேஜ் வேண்டாம், பரீட்சை முடியட்டும். அது அவள் வார்த்தையா, அண்ணன் வார்த்தையா என்று தெரியவில்லை. பையன் அழுதான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான், எனக்குக் கேட்கக்கூடாதாம். நம்பரை அவனே அழித்தான். மனப்பாடமாகத் தெரிந்த நம்பரை அழித்து என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

உங்க அம்மாவிடம் நான் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

இரவு தங்கைக்குப் போன் செய்தேன். முழுவதையும் நிதானமாகச் சொன்னேன்: தூங்காதது, போனாலு, பாலம், குழாய்ச் சத்தம். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்:

"அக்கா, பொண்ணு நம்ம ஆளுங்களா?"

பையன் பக்கத்தில்தான் இருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.